ஊத்துக்கரட்டுச் சிவப்புத் துணி

“தடியை முன்னால நீட்டி, சருகைத் தட்டிட்டுக் காலை வை மிதுன்! எத்தனை வாட்டி சொல்றது?”

கலாமணி சொல்லி முடிப்பதற்குள் மகன் இரண்டு காலாலும் சருகுக்குள் குதித்திருந்தான். நல்லவேளை, உள்ளே பாம்பு இல்லை. ஓர் ஓணான் மட்டும் அவனை வெறுப்பாகப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது.

ஊத்துக்கரடு என்ற குன்றுக்கான பயணம் இப்படித்தான் தொடங்கியது. காலை வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் கலாமணிக்கு அப்போதே கால் வலித்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் மிதிப்பவள் அவள். வாரம் முழுக்க ஒன்றரை ஷிஃப்ட். ஞாயிறு ஊருக்கெல்லாம் ஓய்வு என்றால் அவளுக்குத் துணி துவைக்கிற நாள். கரடு ஏறுவதெல்லாம் அவள் கணவன் ஈஸ்வரமூர்த்தியின் வேலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தடம் பார்க்கவும் முடிச்சுப் போடவும் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

அந்த ஈஸ்வரமூர்த்தி இப்போது கட்டிலில் கிடந்தான். ஐப்பசி மழையில் ஸ்கூட்டர் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. பிளேட் வைத்து, எலும்பும் கூடிவிட்டது. இனி வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். அவன் நடக்கவில்லை. “நாளைக்குப் பாக்கலாம்” என்பான். நாளை வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். வாக்கரில் துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது. ‘இப்படியே விட்டால் அப்புறம் நடக்க வைப்பது கஷ்டம்மா’ என்று டாக்டர் கலாமணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விழுவதற்கு முந்தின வாரம்தான் அவன் கரட்டு உச்சியில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு வந்திருந்தான். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய புதையல் அது. அதைப் பற்றி ஒருநாள் மிதுன் கேட்டான்.

“அப்பா, அந்த டப்பாவை நாங்க எடுத்துட்டு வந்தா நீங்க நடப்பீங்களா?”

“உங்களை யாரு கூட்டிட்டுப் போவா?”

“அம்மா!”

ஈஸ்வரமூர்த்தி வெகுநாள் கழித்துச் சிரித்தான். “உங்கம்மாவா? பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டாலே அவளுக்கு வழி தெரியாது.”

“பேச்சை மாத்தாதீங்கப்பா. நடப்பீங்களா, மாட்டீங்களா?” என்றாள் மூத்தவள் தாரணி. எட்டாவது படிக்கிறாள். வக்கீலுக்குப் பிறக்க வேண்டியவள்.

“சரி, நடக்கறேன் போ.”

அடுப்படியில் நின்றிருந்த கலாமணிக்குச் சுருக்கென்றது. வழி தெரியாதாமே! அன்றைக்கே கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். “ஏனுங்க, கயித்துல எறங்க அந்த இடுப்பு முடிச்சு எப்படிப் போடறது? சொல்லிக் குடுங்க.”

வேலை முடிந்து வந்து, தூக்கம் கண்ணைச் சொக்க, கட்டில் காலில் பாவாடை நாடாவைக் கட்டிக் கட்டிப் பழகினாள். மொட்டை மாடித் தூணில் கயிற்றைக் கட்டிப் படிக்கட்டுச் சுவரில் இறங்கிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “ஏனக்கா, சொந்த வீட்டுலயே திருடறீங்களா?” என்றாள். கற்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் அதிலும் திருத்தம் சொன்னார்கள். சூரியனை வைத்துத் திசை பார்ப்பது, சருகைத் தட்டி நடப்பது, தண்ணீரை அளந்து குடிப்பது என்று ஒவ்வொன்றாகத் தாயும் பிள்ளைகளும் சேர்ந்தே கற்றார்கள். போன வழி தவறாமல் திரும்புவதற்கு மட்டும் கலாமணி தன் சொந்த யோசனையைக் கண்டுபிடித்தாள். கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் சிவப்புத் துணியாகப் பொறுக்கி நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டாள். போகும்போது மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டே போக வேண்டியது. வரும்போது அவிழ்த்துக்கொண்டே வர வேண்டியது.

“காட்டுல நம்ம குப்பை ஒண்ணுகூட இருக்கக் கூடாது” என்பது ஈஸ்வரமூர்த்தியின் சட்டம்.

பயண நாளன்று அடிவாரத்தில் வனக்காவலர் ஒருவர் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். “அம்மிணி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எறங்கிருங்க. அதுக்கப்புறம் ஊத்துல தண்ணி குடிக்க ஆனை வரும். இந்தப் பக்கம் கோயில் வழி ஒண்ணுதான் எறக்கம். வேற எங்க போனாலும் செங்குத்துப் பாறை. ஞாபகம் வெச்சுக்கங்க.”

பாதிக் கரட்டில் முனியப்பன் கோயில். பூசாரி வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பாதை இல்லை, ஊஞ்சமரக் காடுதான். அங்கிருந்து மிதுன் சிவப்புத் துணி கட்ட ஆரம்பித்தான். ஒவ்வொன்றும் கட்டி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டான், மலையையே கட்டி வைத்தது மாதிரி.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கலாமணி பேசும் நிலையில் இல்லை. பாறை நிழலில் சாய்ந்தவள், கொஞ்சம் விட்டிருந்தால் அப்படியே தூங்கிப் போயிருப்பாள். அட்டையில் அப்பா வரைந்து கொடுத்த படத்தைத் தாரணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யானை முதுகு மாதிரி பாறை... இதுதாம்மா! கீழ வெடிப்பு இருக்கு பாருங்க!”

வெடிப்பு ஆளுயரம் ஆழம். இறங்கினால் பிடித்து ஏறப் பிடிமானம் கிடையாது. ஈஸ்வரமூர்த்திக்கு அது விளையாட்டு. கலாமணி கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்தாள்.

“இருங்கம்மா!” தாரணி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். “வளையத்துக்குள்ள தலைகீழா விட்டுட்டீங்க. இது இறுகிட்டே போகும்.”

“அவுத்து நீயே போடு தாயி. எனக்குக் கண்ணே தெரியல.”

முடிச்சுச் சரியானதும் உள்ளே இறங்கினாள். முழங்கை சிராய்த்தது. தடியால் பாறை இடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். டங் என்று தகரச் சத்தம்!

“கெடச்சிருச்சு!”

மேலே இரண்டு பேரும் போட்ட கூச்சலில் கரட்டுக் கிளிகள் எல்லாம் பறந்தன. பிஸ்கட் டப்பா, மூடியைச் சுற்றி டேப். மிதுன் அதைக் குலுக்கினான், ஏதோ கடகடத்தது. “திறக்கலாம்மா!”

“அப்பா முன்னாலதான். நடந்தப்புறம்தான்.”

இறக்கம் முதலில் சுலபமாகத்தான் இருந்தது. சிவப்புத் துணி தெரியும், மிதுன் ஓடுவான், அவிழ்த்துப் பைக்குள் அமுக்குவான், அடுத்தது தெரியும். கோயில் இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்தபோது எதிரே கோயில் வரவில்லை. பாறை விளிம்பு வந்தது. கீழே பள்ளம்.

“இங்க எப்படிம்மா வந்தோம்?”

வேறு பக்கம் ஒரு சிவப்புத் துணி தெரிந்தது. அதையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அடுத்தது, அடுத்தது. மறுபடி அதே பாறை விளிம்பு! சூரியன் மரங்களுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. கலாமணி அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தைவிட அசதிதான் முன்னால் வந்தது. ஈஸ்வரமூர்த்தி சொன்னது சரிதானோ? பஸ் ஸ்டாண்டிலேயே வழி தெரியாதவள் இரண்டு குழந்தைகளைக் காட்டுக்குள் கூட்டி வந்து நிற்கிறாளே! பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பையைக் கொண்டா. எத்தனை அவுத்தோம்னு பாக்கலாம்.”

பை பிதுங்கியது. கட்டியதைவிட அவிழ்த்தது அதிகம்! கலாமணி மேலே கிடந்த துணியை எடுத்து, கையில் ஊறிய பழக்கத்தில் இரண்டு பக்கமும் இழுத்தாள். அது நீளவில்லை. ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்தது.

“இது நம்ம துணி இல்ல!”

“சிவப்புத்தானேம்மா?”

“பனியன் துணின்னா இழுத்தா நீளும், விட்டா நாடா மாதிரி சுருண்டுக்கும். இது தறித் துணி.” அவளுக்கு மெல்லப் பொறி தட்டியது. “இன்னிக்கு என்ன நாளு?”

“தை அமாவாசை” என்றாள் தாரணி. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ! வேண்டுதல் துணி!”

முனியப்பனுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் அமாவாசையில் மரத்தில் சிவப்புத் துணி கட்டுவார்கள். ஒருவர் கட்டிய மரத்தில் இன்னொருவர் கட்டக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். அதனால் புது மரம் தேடிக் காடெல்லாம் பரவிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர்கள் உச்சியில் டப்பா தேடிக்கொண்டிருந்தபோது கீழே கூட்டம் வந்து, கும்பிட்டு, கலைந்தும் போய்விட்டது. யார் யாருடைய குழந்தைக்கோ, கல்யாணத்துக்கோ, வியாதிக்கோ கட்டிய துணிகளை மிதுன் அக்கறையாக அவிழ்த்துப் பையில் போட்டு வந்திருக்கிறான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை!

மிதுனுக்கு உதடு கோணியது. “சாமி கோவிச்சுக்குமா? அப்பா நடக்க மாட்டாரா?”

“அழாதே. அவுத்ததைத் திரும்பக் கட்டிரலாம்.”

“நேரமாச்சும்மா!” என்றாள் தாரணி. “ஆனை வந்துரும். கொண்டுபோயி கோயில்ல வெச்சுரலாம்.”

கோயிலுக்கு வழி தெரிந்தால்தானே! ஆனால் கலாமணிக்கு வேறொன்றும் மனதில் உறுத்தியது. இதில் ஒன்று அவளைப் போல ஒருத்தி கட்டியதாக இருக்கும். வீட்டில் படுத்துக் கிடக்கிற ஒருவனுக்காகக் கட்டியதாக இருக்கும். கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“மிதுன், கடைசியா அவுத்ததுதானே மேல இருக்கு?”

“ஆமா, அமுக்கி அமுக்கி வெச்சேன்.”

“அப்ப, மேலேருந்து ஒண்ணொண்ணா எடுத்து, வந்த மரத்துலயே கட்டிட்டுத் திரும்பிப் போவோம். எந்த எடத்துல நீளற துணி கைக்கு வருதோ, அங்கதான் நாம தடம் மாறியிருக்கோம்!”

தாரணி அம்மாவைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள். “அம்மா! சூப்பர்!”

வேலை தொடங்கியது. மிதுனுக்கு மரங்கள் ஞாபகமிருந்தன. “இது பிசின் ஒட்டின மரம். இது கட்டெறும்பு கடிச்ச மரம்.” தாரணி கட்டினாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் மிதுன், “சாரி முனியப்பா” என்றான். கலாமணி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துக் கொடுத்தாள். நீளவில்லை. நீளவில்லை. கால்கள் இரண்டும் தன்னுடையவை அல்ல என்று ஆகிவிட்டது அவளுக்கு. எங்கோ கீழே மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“பேசாம கட்டுங்க” என்று கிசுகிசுத்தாள் கலாமணி. “முடிச்சு அவுந்துறக் கூடாது.”

இன்னும் கொஞ்ச தூரம். ஒரு துணியை எடுத்தாள், இழுத்தாள். நீண்டது! விட்டாள். சுருண்டுகொண்டது!

“நம்மளது!”

பக்கத்தில் தெரிந்த சிவப்புகளை எல்லாம் ஓடி ஓடி இழுத்துப் பார்த்தார்கள். பாறைக்குப் பின்னால் ஒன்று நீண்டது. அதற்கப்பால் இன்னொன்று. அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். கோயில் மணி கண்ணில் பட்டதும் மிதுன் கையெடுத்துக் கும்பிட்டான். அடிவாரத்தில் வனக்காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். “ஏனுங்க அம்மிணி, இன்னுங் கொஞ்ச நேரத்துல நானே தேடி வர இருந்தேன்!” என்றார். கலாமணி டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, வீடு வந்து சேர்ந்தார்கள். மிதுன் டப்பாவைக் கட்டிலில் வைத்தான். ஈஸ்வரமூர்த்தி அதையும், மனைவியின் சிராய்த்த முழங்கையையும், தலையில் ஒட்டியிருந்த சருகையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நடந்தப்புறம்தான் திறக்கணுமாம்” என்றாள் தாரணி.

“கால்ல பலமில்ல கண்ணு. மொதல்ல அதைத் திறந்து தெம்பு குடு.”

திறந்தார்கள். உள்ளே கடலை மிட்டாய் வைத்த காகிதம் மட்டும் இருந்தது, மிட்டாயை எறும்பு தின்று வெகுநாளாகியிருந்தது. அடியில் கயிறு கோத்த ஊதல்கள் மூன்று.

“எனக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு. இன்னொண்ணு யாருக்குப்பா?”

ஈஸ்வரமூர்த்தி கலாமணியைப் பார்த்தான். “அடுத்த வாட்டி உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சிருந்தேன்.”

அவளுக்கு அதைக் கேட்டு என்னென்னவோ தோன்றியது. ஆனால் அதற்கெல்லாம் உடம்பு இடம் கொடுக்கவில்லை. தரையில் சாய்ந்தாள், ஊதல் கைக்குள் இருக்க அப்படியே தூங்கிவிட்டாள்.

விழித்தபோது விடிந்திருந்தது. கட்டில் காலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. கதவுக் கொண்டியில் இன்னொன்று. அப்புறம் பீரோ கைப்பிடியில், தண்ணீர்க் குடத்தின் கழுத்தில், கேஸ் சிலிண்டரில். கட்டில் காலியாக இருந்தது. அவள் பதறி எழுந்து, துணியைத் தொட்டுத் தொட்டு அடுப்படி வரை போனாள்.

வாக்கரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, ஈஸ்வரமூர்த்தி அடுப்பின் முன் நின்றிருந்தான். டீ பாதி டம்ளரிலும் பாதி மேடையிலும் இருந்தது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார்கள்.

கலாமணி கதவில் சாய்ந்துகொண்டாள். கண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமலே கேட்டாள்.

“வழி தெரிஞ்சுதுங்களா?”

“அதான் துணி கட்டி வெச்சிருக்காங்களே.”

“இழுத்துப் பாத்தீங்களா? நம்மளதுதானே?”