உள்ளே கீறாரு

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அய்யாத்துரை அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது நல்ல உச்சிவெயில். ஆனாலும் உள்ளே சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவன் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு மாதம்தான். மாமாவின் மிளகாய் மண்டியில் தும்மித் தும்மியே செத்துப்போவோம் என்று பயந்துகொண்டிருந்தான். திருவொற்றியூர் நாடகக் கம்பெனியில் ஓர் இடம் காலி. சொந்த மாண்டலின் வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மூர் மார்க்கெட் முழுக்க அலைந்தான். அவன் வசதிக்கு உறை மட்டும்தான் கிடைக்கும் போலிருந்தது. ராயபுரத்தில் செல்லம்மா என்று ஒருத்தி பழைய மாண்டலின் விற்கிறாள் என்று அங்கேதான் யாரோ சொன்னார்கள்.

செல்லம்மா வாத்தியத்தைப் பாயில் வைத்தாள். பானை வயிறு, கறுத்த மரம். விலையோ, ஏமாற்றுகிறாளோ என்று சந்தேகப்படும் அளவுக்குக் கம்மி.

"ஒளிக்காம சொல்லிட்றேன் நைனா," என்று கிசுகிசுத்தாள். "எம்புருசன் ராசையா. செத்து மூணு வருசமாச்சு. அவரு உள்ள கீறாரு."

அய்யாத்துரை மாண்டலினின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தான். உள்மரத்தில் நீள நீளமாக நகக்கீறல்கள். உயிரோடு இருந்தபோது கீறி வைத்திருக்கிறார், கோபக்கார மனுஷன் போலும். குறையை மறைக்காமல் சொல்கிறாளே என்று அவள்மேல் மரியாதைகூட வந்தது.

"கீறுனா கீறிட்டுப் போறாரு யக்கா. உள்ளதானே, வெளிய தெரியாதுல்லா?"

"தெரிஞ்சுதான் வாங்கினு போறியா?"

"தெரிஞ்சுதான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். இவன் காதைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். செல்லம்மா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர்.

கம்பெனிக் கொட்டகை வாசலில் சிநேகிதன் வரதன் காத்திருந்தான். வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அய்யாத்துரை நடந்ததைச் சொல்லிச் சிரித்தான். வரதன் சிரிக்கவில்லை.

"அவ இன்னா சொன்னா? மாத்தாம சொல்லு."

"அவரு உள்ள கீறாருன்னா. நகத்தால..."

"எங்க பாஷைல கீறாருன்னா இருக்காருன்னு அர்த்தம் மாமு."

சர்ரக்.

உறைக்குள்ளிருந்துதான்.

"அடுத்த ஆள்!" என்று மேனேஜர் ஜார்ஜ் கூப்பிட்டார்.

திரும்பிப் போய்விடலாம். போனால் ஆயுசுக்கும் மிளகாய் மண்டி. ஒரே ஒரு பாட்டு, அப்புறம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தான். விரல் பட்டதுமே அவன் அறியாத ஏதோ மெட்டு ஓடத் தொடங்கியது. நுனிவிரலில் குளிர்ந்தது. குளிர் மணிக்கட்டுக்கு ஏறியது. தோளுக்கு ஏறியது.

தொண்டைக்கு வந்தது.

பிறகு இருட்டு.

பழைய மரத்தின் வாசம். முழங்கால் முகத்தில் இடித்தது. தலைக்கு மேலே வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம். அதற்குக் குறுக்கே எட்டுக் கம்பிகள்.

"பிரமாதம்யா! நீதான் நம்ம ஆளு!" மேனேஜரின் குரல் எங்கோ உயரத்தில் கேட்டது.

ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. அய்யாத்துரைக்கு அழுகை வெடித்தது.

"ஏலே வரதா! நான் இங்கன இருக்கேம்லே!"

கம்பிகள் லேசாக அதிர்ந்தன. வட்டத்துக்கு மேலே வரதனின் முகம் குனிந்தது. ஒரு கணம் உற்றுப் பார்த்தது. வெளுத்து விலகிப் போனது.

"எப்ப வந்து சேர்ற?" என்று மேனேஜர் கேட்டார்.

"நாளைக்கே வந்துட்றேன் சார்," என்றது அய்யாத்துரையின் குரல். "இப்ப ராயபுரம் வரைக்கும் போவணும். வூட்ல செல்லம்மா தனியா கீறா."