அவர் வளர்த்த புல்

காலையில் அவருக்குப் போர்வை மாற்றும்போது படுக்கையில் ஒரு புல் கிடந்தது. காற்றில் பறந்து வந்த நுனி அல்ல, வெள்ளை வேரும் வேரில் ஈர மண்ணுமாக முழுப் புல். அவள் குனிந்து, இரண்டு கைகளாலும் கணவரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் மார்பில் அது கிடந்ததைப் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. எப்படி வந்தது? எடுத்துக் குப்பையில் போட்டாள். அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

பக்கவாதம் வந்து அவர் படுத்து இரண்டு வருஷம். பேச்சு போய்விட்டது, உடம்பு அசையாது, கண் மட்டும் அலையும். அந்தக் கண்ணுக்காகத்தான் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தாள். வெளியே அவருடைய புல்தரை. ஈரத்தில் மெஷின் ஓட்டாதே, ஒட்ட வெட்டாதே, தண்ணீர் தேங்க விடாதே, கோரை முளைத்தால் வேரோடு பிடுங்கு என்று கல்யாணமான நாளிலிருந்து வாய் அவருடையது, முதுகு அவளுடையது. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வேலியருகே வந்து நின்று, "என்ன பச்சை பாருங்க! சாரோட கைராசியே தனி" என்று உருகுவாள்.

"ஆமாமா, கைராசிதான்" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய் அவருடைய மலச்சட்டியைக் கழுவுவாள்.

இந்த ஊர் மழைக்கும் ஒரு நியாயம் கிடையாது. கொட்டும், உடனே வெயில் சுள்ளென்று அடிக்கும், மறுபடி கொட்டும். வெட்டிப்போட்ட புல் அதற்குள் அழுகி, ஊறப்போட்டு மறந்த துணி போல ஒரு வாடை வீட்டுக்குள் வரும். அந்த வாடையில் சோறு இறங்கவில்லை என்று ஆனதும், டைல்ஸ் போடுகிறவரைக் கூப்பிட்டாள்.

"முதல்ல புல்ல வேரோட சாகடிக்கணும்க்கா. இல்லேன்னா டைல்ஸையே தூக்கிக்கிட்டு வந்துரும். மழை விடுற அன்னிக்கு மருந்து அடிச்சிருங்க" என்றார் வந்தவர். பிறகு ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவரு எங்கப்பா சொல்றது? சொன்னதெல்லாம் போதும்."

களைக்கொல்லி டப்பாவை வாங்கிக் குளியலறையில் வைத்தாள். மழை விடவில்லை. புல் முழங்காலைத் தொட்டது. ஒரு மாலை தூறல் நின்றதும், பாம்பு பூச்சி அடையுமே என்று மெஷினை இழுத்தாள். ஈரப் புல் கத்தியில் சுற்றிச் சுற்றி இறுகியது, பச்சைச் சாறு முகத்தில் தெறித்தது, மண்டைத்தோல் காந்தியது. வியர்வை என்று நினைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து.

"ங்... ங்... ங்..."

மெஷினை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. ஓட்டினாள். மறுபடி. உள்ளே ஓடிப் பார்த்தால், அவர் கண் அகலத் திறந்திருந்தது, ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. புல்லை வெட்டினால் இவருக்கு வலிக்கிறதா? சேச்சே, பைத்தியமா பிடித்திருக்கிறது எனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அன்று ராத்திரி அவளுக்கும் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது.

அடுத்த மழைக்குப் புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழுந்தது. பூஞ்சை. மறுநாள் அவரைப் புரட்டியபோது முதுகில் அதே மாதிரி வட்டங்கள். படுக்கைப்புண்தான், வேறென்ன. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், மறுபடி வெளியே பார்த்தாள். வேலியோரம் ஒன்று பெரிது, நடுவில் மூன்று சிறிது. அச்சு அசல். அவள் வயிற்றிலும் அரித்தது. அவருக்கு வந்தது எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று, அவருக்குப் பூசிய களிம்பின் மிச்சத்தைத் தானும் தடவிக்கொண்டாள்.

புல்தான் அவர். அவர்தான் புல்.

முதலில் பயந்தாள். பிறகு அந்தப் பயம் மெல்ல வேறொன்றாக மாறியது. குளியலறையில் இருந்த டப்பா நினைவுக்கு வந்தது. ஊசி இல்லை, தலையணை இல்லை, யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. புல்லுக்கு மருந்தடிப்பது ஒரு குற்றமா? அவர் செத்தால் நன்றாக இருக்கும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். இனித்தது.

வெயில் அடித்த ஒரு மதியம் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ங்... ங்... ங்..."

"அழு. நல்லா அழு. நான் அழாத அழுகையா?"

ஒரு மூலை விடாமல் அடித்தாள். பின்பு உள்ளே வந்து கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்தாள். இனி காத்திருக்க வேண்டியதுதான். வெயில் மங்கியது, மேகம் கவிந்தது, கரண்ட் போனது, மருந்து நெடி ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் ஒட்டியது, அந்த நெடிக்கு அடியில் வெளியே சரசரவென்று, லட்சம் சின்ன வாய்கள் காய்ந்து மூடிக்கொள்வது போல ஒரு சத்தம்.

அவர் பாதத்தைத் தொட்டாள். சூடு. மூச்சு சீராக இருந்தது. சட்டையைத் தூக்கி முதுகைத் தடவினாள்.

புண் இல்லை. ஒன்றுகூட இல்லை. வழவழவென்று புதுத் தோல்.

நாக்கு வறண்டது. தண்ணீர் குடிக்க எழுந்தாள். கால் வரவில்லை. குனிந்து பார்த்தாள். விரல் நகமெல்லாம் மஞ்சள். நுனியிலிருந்து மஞ்சள் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

வெயிலில் நின்று தண்ணீர் விட்டது யார்? கோரை பிடுங்கியது யார்? யார் கை அது?

ஐயோ.

கொண்டை சரிந்தது. மடியில் விழுந்தது. மொத்தமாக. வலியே இல்லை. முடியின் அடியில் வெள்ளை வேர். வேரில் ஈர மண்.

கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சத்தம் கட்டிலிலிருந்து.

"ங்... ங்... ங்..."

அழுகை இல்லை அது. அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தது. பிறகு அவருடைய கை போர்வைக்குள்ளிருந்து மெதுவாக எழுந்தது. விரல்கள் விரிந்தன. அவள் காதோரம் மிச்சமிருந்த கொத்தைப் பிடித்து, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கிறவரைப் போல, இழுத்தது.