பூட்டிய வீட்டில் அட்மினைக் காணோம்

கடை போன் அலறியது.

பூட்டுக்காரர் எடுத்தார். வாயில் கர்ச்சீப்பை வைத்துப் பேசுவது போல ஒரு குரல். நிதானமான குரல். மரியாதையான குரல்.

"உங்க மனைவி எங்ககிட்ட இருக்காங்க."

"பில் எவ்வளவு ஆச்சு?"

"கடை இல்லீங்க... கடத்தல்."

அவர் கையிலிருந்த சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

"பணம் காசு எதுவும் வேண்டாம். நாளைக்கு உங்க பொண்ணு ஸ்கூல்ல தடுப்பூசி போடறாங்க. அவ போட்டுக்கணும். அவ்வளவுதான்."

"போலீசுக்குப் போனா?"

"போகக் கூடாது. குரூப்ல வேணா சொல்லிக்குங்க."

குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு மணிச் சத்தம். 'டோக்கன் பதினேழு... உள்ள வாங்க...'

லைன் கட்!

கடத்தப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை. தெருவின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். அவர் 'குட் மார்னிங்' போடாவிட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு விடியாது. பூட்டுக்காரரே மனைவியை அட்மின் என்றுதான் குறிப்பிடுவார்... அவர் காதுபடாத தூரத்தில்.

ஊசிக்கும் அட்மினுக்கும் என்ன பகை?

அது தெருவே அறிந்த கதை. பூட்டுக்காரரின் தங்கை, தெருக்கோடியில் உள்ள பெண்கள் க்ளினிக்கில் நர்ஸ். ரெண்டு மாதத்துக்கு முன்னால் அவள் குரூப்பில் ஒரு சேதி போட்டாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிறது, சின்ன வயதிலேயே பெண்களுக்கு ஊசி போட்டால் அந்த வைரஸைத் தடுக்கலாம், வயது வந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சில நிமிஷ வேலைதான் என்று.

விடுவாரா அட்மின்? ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதாம் என்று ஆரம்பித்தார். நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். அது வதந்தி அண்ணி, இது குடும்பம் பார்த்து வருகிற நோய் இல்லை அண்ணி என்று நாத்தனார் பொறுமையாகத்தான் பதில் போட்டாள். ஊசி போட்டாலும் பிற்பாடு டெஸ்ட் எடுக்கணுமென்றால் ஊசி எதற்கு என்றார் அட்மின். நியாயமான கேள்வி. நாத்தனார் சொன்ன பதில்தான் வினை.

'பூட்டு போட்டாலும் வாட்ச்மேன் ஒரு தடவை சுற்றிப் பார்ப்பதில்லையா? அது மாதிரி.'

அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூட்டுக்காரர் பொங்கி எழுந்தார். என் பூட்டு போட்ட வீட்டுக்கு வாட்ச்மேன் எதற்கு என்று மனைவி பக்கம் சாய்ந்துவிட்டார். புருஷன் பலமும் சேர்ந்ததும் அட்மின் சபதமே போட்டார். 'அந்த க்ளினிக் படியில் என் கால் பட்டால் குரூப்பையே கலைத்துவிடுகிறேன்!'

அடுத்த நொடியில் நாத்தனார் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது அட்மினே இல்லை!

பூட்டுக்காரர் போலீசுக்குத்தான் போனார். அரை மணியில் எஸ்.ஐ. அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். வாசல் கதவில் கடையின் முதல் தரப் பூட்டு கம்பீரமாகத் தொங்கியது.

"ஒரு கீறல் இல்லை பாருங்க மேடம்." அந்தக் கலவரத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. பொண்டாட்டியைத்தான் காணோம். சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவகிட்ட."

திறந்தார்கள். உள்ளே ரத்தமில்லை, உடைந்த வளையலில்லை. ஃபேன் நிறுத்தப்பட்டிருந்தது. கேஸ் சிலிண்டர் மூடப்பட்டிருந்தது. மேஜையில் அவருக்கான மதியச் சாப்பாடு, மேலே கவிழ்த்த தட்டு. கொடியில் காய்ந்த துணிகள் சோபாவில் மடிக்கப்பட்டு...

எஸ்.ஐ. ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், என் சர்வீஸ்ல துணி மடிக்கிற கடத்தல்காரனை இப்பதான் பார்க்கறேன். எனக்கு அவன் வீட்டு அட்ரஸ் கிடைச்சா நல்லா இருக்கும்."

பூட்டுக்காரர் சட்டையை உற்றுப் பார்த்தார். கை ரெண்டும் பின்பக்கம் மடங்கி, காலர் மேலே நிமிர்ந்து... இருபது வருஷமாகப் பார்த்த மடிப்பு!

"மேடம்... இது எங்க வீட்டு மடிப்பு."

"போன்ல வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

டோக்கன் பதினேழு என்றார். எஸ்.ஐ.யின் புருவம் ஏறியது. இந்தத் தெருவில் டோக்கன் கூப்பிடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்!

க்ளினிக் வாசலில் நாலு படி. படிக்குப் பக்கத்தில் நோயாளிகளைத் தள்ளிப்போக ஒரு சரிவுப் பாதை. உள்ளே வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி. அதில் தலை முதல் இடுப்பு வரை போர்வை போர்த்திய ஓர் உருவம். கறுப்புக் கண்ணாடி. கால் ரெண்டும் தரையில் படாமல் தூக்கி வைக்கப்பட்டிருந்தன. மடியில் ஒரு பை. பைக்குள் செருப்பு.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டிருந்தவள், நர்ஸ் தங்கை!

"அடிப்பாவி... சொந்த அண்ணியையேவா?" பூட்டுக்காரர் கத்தினார்.

தங்கை கொஞ்சமும் அசரவில்லை.

"நான் எங்கண்ணா கடத்தினேன்? ரெண்டு மாசம் முன்னாடி என்னைக் குரூப்ல இருந்து தூக்கினவங்க, நேத்து அவங்களே போன் பண்ணி 'என்னைத் தூக்கிட்டுப் போ'ன்னாங்க. பின்வாசல்ல நாற்காலியோட வந்து நின்னேன். முன்வாசலைப் பூட்டிட்டுச் சுத்தி வந்ததும் அவங்கதான். மூணு தடவை இழுத்து வேற பார்த்தாங்க."

"அப்ப போன்ல பேசினது நீதானே?"

தங்கை நாற்காலியைப் பார்த்தாள்.

போர்வை மெல்ல விலகியது. அட்மினின் கையில் ஒரு கர்ச்சீப்!

பூட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் மனைவி அத்தனை மரியாதையாக, அத்தனை மெதுவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பார், பாவம்?

"சபதம் போட்டுட்டேங்க. படியில கால் படக் கூடாது. அதான் நாற்காலி. ஊரே பார்க்க 'ஊசி வேண்டாம்'னு சொல்லிட்டு, நாளைக்கு நானே பொண்ணை எப்படி அனுப்பறது? அதான் மிரட்டல்."

"இவ்வளவு நாடகம் எதுக்கு?"

அட்மின் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது.

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப ரெண்டு மாசமா திரும்ப ரத்தம் படுது. ராத்திரியில குரூப்பைத் திறந்தா, நான் போட்டது எல்லாம் என்னையே பார்த்துச் சிரிக்குது. இவ போட்டதைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் பூட்டுக்காரர்.

"சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க... இன்னொரு பூட்டு மாட்டுவீங்க."

டோக்கன் இருபத்திரண்டு அழைக்கப்பட்டது. அது அட்மினுடையது. தங்கை தள்ளப் போனாள். பூட்டுக்காரர் அவள் கையை விலக்கிவிட்டுத் தானே நாற்காலியைப் பிடித்தார். டாக்டர் அறை வாசல் வரை தள்ளினார். கதவு மூடிக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, மூடிய கதவைப் பார்த்து அவருக்குப் பயம் வந்தது.

நகம் முழுவதையும் கடித்து முடித்த பிறகு கதவு திறந்தது. உள்ளே ஒரு சின்ன சதை வளர்ச்சி இருந்ததாம். டாக்டர் எடுத்துவிட்டார். பார்த்தால் கெட்டதாகத் தெரியவில்லை, எதற்கும் சோதனைக்கு அனுப்புகிறோம், புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் சாம்பிள் எடுத்தாயிற்று என்றார். இப்படி ரத்தம் பட்டால் ரெண்டு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று ஒரு குட்டும் வைத்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா," என்றார் பூட்டுக்காரர் தங்கையிடம், தரையைப் பார்த்தபடி. "பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாலும் உள்ளே ஒரு தடவை பார்த்திருக்கணும்."

மறுநாள் பெண் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். எறும்பு கடித்த மாதிரி இருந்ததாம். 'கடத்தல்காரர்களின் மிரட்டலுக்குப் பணிந்து, வேறு வழியின்றி...' என்று அட்மின் குரூப்பில் அறிக்கை விட்டார். நாத்தனார் மறுபடி சேர்க்கப்பட்டாள். உண்மை தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? பால்காரர் மணியடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது!

ஒரு வாரம் கழித்து ரெண்டு ரிப்போர்ட்டும் வந்தன. பயப்பட ஒன்றுமில்லை. பூட்டுக்காரர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, கடையின் பின்னால் போய், யாரும் பார்க்காமல் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. அம்மாள்! பொய்ப் புகார் கொடுத்ததாக உள்ளே வைக்கப் போகிறாரா? பூட்டுக்காரர் ஷட்டரைப் பாதியில் நிறுத்தினார்.

எஸ்.ஐ. தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க தங்கச்சி... இன்னும் கடத்தறாங்களா?"

"மேடம்?"

"யூனிஃபார்மோட அந்த க்ளினிக்ல போய் நின்னா ஸ்டேஷன் பூரா கேள்வி கேட்பாங்க. அந்த டெஸ்டை மூணு வருஷமா தள்ளிப்போட்டுட்டு இருக்கேன். நாற்காலியும் போர்வையும் கிடைச்சா... வியாழக்கிழமை எனக்கு ஆஃப்."

பூட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

"வியாழன் கஷ்டம் மேடம். டெய்லரம்மாவும் கணக்கு டீச்சரும் முன்னாடியே சொல்லி வெச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை காலையில கடத்தச் சொல்றேன்... கிளம்பறதுக்கு முன்னாடி மறக்காம கேஸ் சிலிண்டரை மூடிடுங்க. துணியை மடிக்கிறதெல்லாம் உங்க இஷ்டம்!"