பதினேழாவது ஸ்லாப்

டொம்!

நீலாவதியின் கை அந்தரத்தில் நின்றது.

அந்தத் தீவின் விமான ஓடுதளத்தில் கடைசி விமானம் கிளம்பிய பிறகு, மூன்று மணியிலிருந்து பதினாறு ஸ்லாபுகளை இரும்புக் கம்பியால் தட்டிவிட்டாள். பழைய கான்கிரீட்டின் மேல் போட்ட தார் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தால் 'டங்' என்று கெட்டியாகச் சத்தம் வரும். பதினாறும் அப்படித்தான் சொல்லின. பதினேழாவது மட்டும் காலிப் பானைபோல் முழங்கியது.

"பதினாறோட நிறுத்திரு நீலா. மிச்சத்தை நான் எழுதிக்கிறேன்" என்று காலையில் சொல்லியிருந்தான் சிவப்பிரகாசம். தார் போட்ட கம்பெனியில் அவன் சைட் இன்ஜினியர். அதே கம்பெனியின் தரச் சோதனை லேபில் அவள். வீட்டில் அவன் அவளுடைய கணவன். அவளுக்கு அலுப்பாக இருக்குமே என்ற கரிசனம் என்று நினைத்திருந்தாள்.

"என்னா தீதி, தரைக்கு வைத்தியம் பாக்குறீங்களா? ஐஞ்சு மணியாச்சு, இந்தத் தீவுல சீக்கிரமே அந்தேரா ஆயிரும், இருட்டிரும்!" துளை மிஷின் ஓட்டும் வெள்ளைச்சாமி, தீவின் இந்தி கலந்த தமிழில் கேட்டுச் சிரித்தார்.

"இங்க ஒரு துளை போடுங்க அண்ணே."

சிரிப்பு நின்றது. "இங்கயா? சார் வேணாம்னு..."

"போடுங்க."

ஜெனரேட்டர் உறுமியது. சூடான தாரின் நெடியும், கடலிலிருந்து வந்த உப்புக் காற்றும், ஈரப் புல்லின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டின. தளத்தின் ஓரத்துத் தென்னைகளின் நிழல்கள் நீண்டு நீண்டு அவள் செருப்புவரை வந்து தொட்டன. நாலு அங்குலம் இறங்கியதும் மிஷின் கிறீச்சிட்டு நின்றது. வெளியே வந்த உருளையில் வெறும் தார். அதன் அடியில் சாம்பல் நிறக் கான்கிரீட் இருக்க வேண்டும். இல்லை.

டார்ச்சைத் துளைக்குள் அடித்தாள். துருப்பிடித்த இரும்பு.

மூடி. ஆள் இறங்கும் பழைய கேபிள் குழியின் மூடி. புது வரைபடத்தில் அப்படி ஒரு குழியே கிடையாது.

"தார் போடுறதுக்கு முன்னாடி இந்தக் குழிக்குள்ள எறங்கிக் கடைசியா யாரு சுத்தம் பண்ணது?"

வெள்ளைச்சாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் மாலும் இல்ல தீதி, தெரியவே தெரியாது. புள்ளகுட்டிக்காரன் நான்." வயரைக்கூடப் பிடுங்காமல் நடந்தார். பிறகு ஓடினார். ஜீப்பின் சிவப்பு விளக்கு கேட்டைத் தாண்டி மறைந்தது.

எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டரும் அடங்கியது.

எட்டு மாதத்துக்கு முன் அவளுடைய தம்பி நந்தகுமார் இதே தளத்தில்தான் வேலை பார்த்தான். தார் போட்டு முடித்த மறுநாள் காணவில்லை. "நானே கப்பலேத்தி விட்டேன். மெயின்லாந்துல வேலை கிடைச்சதும் கூப்பிடுவான்" என்றான் சிவப்பிரகாசம். கராச்சர்மாவில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்புவாள். போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கும்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து தளம் சோதித்த நாட்களில், காற்றில் பேச்சு கேட்காது. அதனால் ஒரு வழக்கம். இந்த முனையில் அவள் மூன்று தட்டுத் தட்டுவாள். அந்த முனையில் அவன் பதில் தட்டுவான். வேகமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. சரிக்கா, அடுத்ததுக்குப் போ என்று அர்த்தம்.

அவள் கை தானாக உயர்ந்தது.

டொம். டொம். டொம்.

காற்று. தவளைகள். வேறொன்றும் இல்லை.

மூச்சு விட்டாள்.

டக் டக்.

காலடியில்.

டக்.

கம்பி நழுவி விழுந்தது. குனிந்து தரையில் கையைப் பதித்தாள். உள்ளங்கைக்குக் கீழே தார் மெல்ல அதிர்ந்தது. துளையிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மூச்சுபோல.

டக் டக். டக்.

போனை எடுத்துச் சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டாள். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"ஏங்க... பதினேழாவது ஸ்லாபுக்கு அடியில..."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை. பிறகு, களைத்துப்போன குரலில், மிக மெதுவாக:

"இன்னுமா தட்டுறான்?"