மொண்ட்ஸ்டைன் கோட்டையின் பிப்ரவரி

உலகோர் அனைவருக்கும் பணிவுடன் அறிவிப்பது யாதெனில்: மொண்ட்ஸ்டைன் கோட்டைக் காலண்டரின் அடுத்த ஆண்டுப் பிப்ரவரி மாதம் இன்று காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பிறக்கும். பிரசவம் பார்க்க, ஒளியின் மகாகலைஞர், பதினான்கு காலண்டர்களின் தந்தை, மாக்னுஸ் ரீட்ஸ்லர் ஏரிக்கரைக்கு எழுந்தருளியிருக்கிறார். மூக்கு ஒழுகுகிறது, மற்றபடி நலம்.

மகாகலைஞர் கேமராவை முக்காலியில் பூட்டி, சோதனைக்கு ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்தார். உறைந்த ஏரி. அக்கரையில் மூடுபனிக்கு மேல் மிதக்கும் ஊசிக் கோபுரங்கள். ஆயிரம் வருடத்துக் கோட்டை என்று பேருந்து பேருந்தாக வந்து பெருமூச்சு விடுவார்கள். கட்டியவர் ஒரு பீர் ஆலை முதலாளி, மாமனாரின் வயிறு எரியட்டும் என்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏரியின் நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

தலை நிமிர்ந்து கண்ணால் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை.

லென்ஸைத் துடைத்தார். தூசி கறுப்பாகத்தான் விழும், சிவப்பாக விழாது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் துடைத்தார்.

“செர்வுஸ், மாக்னுஸ்! கோட்டைக்கு இன்னும் மேக்கப் முடியலையா?”

வென்டலின். மலை மீட்புப் படையின் தலைவன். தோளில் எச்சரிக்கைப் பலகைகள், கையில் சுத்தியல்.

“வெளிச்சம் வரட்டும்டா.”

“கரையிலயே நில்லு. நடுவுல ஊத்து இருக்கு, ஐஸ் கண்ணாடி மாதிரி மெலிசு. உன் தொப்பைக்குத் தாங்காது.” சிரித்தவன் நிறுத்தினான். “அஃப்ராவோட அம்மா நேத்தும் வந்தாங்க. ஒரு கையுறையாச்சும் கிடைச்சுதான்னு. போன வருஷம் மூணு நாள் மேல்கணவாயைச் சல்லடை போட்டு சலிச்சோம். நீ மட்டும் அவ அந்தப் பக்கம் போனதைப் பார்த்துச் சொல்லலைன்னா, எங்க தேடறதுன்னே தெரிஞ்சிருக்காது.”

இப்போது சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. வாயைத் திறந்தார்.

“நல்லாத்தான் தேடினீங்க,” என்றார்.

வென்டலின் பலகைகளோடு மூடுபனிக்குள் போனான். தூரத்தில் சுத்தியல் சத்தம் தொடங்கியது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இயற்கையின் பிரம்மாண்டத்தைக் காட்ட, சிவப்பு ஜாக்கெட் போட்ட ஓர் ஆளைத் தூரத்தில் முதுகு காட்டி நிறுத்துவார்கள். முகம் தெரிந்தால் அது யாரோ ஒருவருடைய படம். முதுகென்றால் காலண்டர் வாங்குகிறவன் அது தானே என்று நினைத்துக்கொள்வான். போன பிப்ரவரியில் அந்த முதுகு அஃப்ராவுடையது. தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள், நாற்பத்தொரு வயது, வாய்த்துடுக்கு. “பொம்பளையோட முதுகை மட்டும் ரசிக்கிற ஒரே ஆம்பளை நீதான்யா!” என்று கத்திக்கொண்டே ஏரிமேல் நடந்தாள். “இன்னும் கொஞ்சம் போ,” என்றார் இவர். “இன்னும் கொஞ்சம்.”

அவள் காலடியில் பனிக்கட்டி உடைந்த அதே நொடியில் மேகம் பிளந்தது. கோபுரங்கள் தங்கமாயின. அப்படியொரு ஒளி நாற்பது நொடிக்கு மேல் நிற்காது. மகாகலைஞர் ஒன்பது படங்கள் எடுத்தார். பிறகுதான் ஓடினார். ஆறாவது படம் வரை ஒரு சிவப்புக் கை தெரிந்தது. அன்று மாலை கணினியில் கையை அழித்தார், துளையை அழித்தார், மேல்கணவாய்ப் பொய்யையும் சொல்லிவிட்டார். படத்துக்குப் பரிசு கிடைத்தது.

மீண்டும் ஒரு படம் எடுத்தார்.

புள்ளி இப்போது புள்ளியாக இல்லை. ஜாக்கெட். முதுகு. கோட்டையைப் பார்த்தபடி நிற்கிறது, ஆனால் முன்பைவிடக் கரைக்கு அருகில்.

ஏரி அடிவயிற்றிலிருந்து நீளமாக முனகியது. குளிர்காலத்தில் ஏரி முனகும், ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த முனகலுக்குள் இன்னொரு சத்தம், ஈரத் துணி ஒன்றோடொன்று உரசும் சத்தம், நிதானமாக, தயங்கித் தயங்கி, பின்பக்கமாக நடக்கிறவர் ஒவ்வோர் அடிக்கும் குதிகாலால் தரையைத் தடவிப் பார்ப்பதுபோல் வந்தது. ஏரியின் அடிச்சேற்று வாடை அடித்தது. மேலே ஒரு முழ ஐஸ் மூடியிருக்கும்போது அந்த வாடை வர வழியே இல்லை.

படத்தை அழித்தார். அடுத்ததை எடுத்தார்.

இன்னும் அருகில். கம்பளித் தொப்பிக்குக் கீழே நனைந்த முடி. முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பின்னோக்கியே வருகிறாள்.

அழித்தார். அழிப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

கத்தினால் வென்டலின் ஓடி வருவான். வந்து, என்ன என்று கேட்பான். என்ன என்று சொல்ல வேண்டும். அதனால் கத்தவில்லை.

சுத்தியல் நின்றுவிட்டது.

இன்னொரு படம். சிவப்பு. தையல். நெய்த நூலில் துளித்துளியாகத் தண்ணீர்.

இன்னொன்று. சிவப்பு மட்டும்.

திரையிலிருந்து பார்வையை இறக்கினார். முக்காலியின் கால்களுக்கு நடுவே பனியில் இரண்டு குதிகால் பள்ளங்கள். அதில் நீர் ஊறிக்கொண்டிருந்தது.

கண்களை மூடினார்.

திறந்தபோது எதிரே முக்காலி இல்லை. கோட்டை இருந்தது, மிக அருகில், மிகப் பெரிதாக. காலடியில் ஐஸ். கண்ணாடி மாதிரி மெலிசு. அதற்குக் கீழே கறுப்பாய் ஏதோ நகர்ந்தது. நடந்து வந்த நினைவே இல்லை.

மேகம் பிளந்தது. கோபுரங்கள் தங்கமாயின.

பின்னால், வெகுதூரத்தில், கரையில், அவருடைய கேமரா ஒரு முறை க்ளிக் என்றது.

“நல்லா வருது, மாக்னுஸ்,” என்று அங்கிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. தொண்டை நிறையத் தண்ணீர் இருக்கும் குரல். “அப்படியே நில்லு.”

க்ளிக்.

காலடியில் ஒரு விரிசல் ஓடியது.

க்ளிக்.

அடுத்த ஆண்டுக் காலண்டரில் பிப்ரவரிக்கு ஒரு பசுமாட்டின் படம் போட்டார்கள்.