பாடாத டிரான்சிஸ்டர்

“எங்க அக்கா பெங்களூர்ல இருந்து டிரான்சிஸ்டர் கொண்டு வந்திருக்கு!”

பொம்மிடியில் ஆறாம் வகுப்புப் படிக்கும் வஹிதா, பள்ளிக்கூடம் முழுக்க இப்படிச் சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் அறிவியல் கண்காட்சி. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் படிக்கும் ஹசீனா அக்கா அதை அங்கே காட்டப் போகிறாள்.

“எங்க வூட்லயும்தான் டிரான்சிஸ்டர் இருக்கு. பாட்டு கேக்கலாம், கிரிக்கெட் கேக்கலாம். உங்களுது என்ன அதிசயம்?” என்றாள் வகுப்புத் தோழி பாஞ்சாலி.

மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்ததும் வஹிதா அக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

ஹசீனா ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினாள். உள்ளே தண்ணீர். அதில் ஒரு குச்சி. குச்சியின் நுனியில், அரிசியைவிடச் சின்னதாக ஒரு சிலிக்கன் சில்லு.

“ரேடியோவுக்குள்ள இருக்கற டிரான்சிஸ்டருக்கு இது தம்பி. இது மேல கொள்ளுல இருந்து எடுத்த ஒரு சத்தை ஒட்டி வெச்சிருக்கேன். நொதின்னு பேரு. தண்ணியில யூரியா இருந்தா நொதி அதை உடைக்கும். உடனே சில்லுக்குத் தெரிஞ்சுடும். குச்சியோட சேர்க்கற இந்தப் பெட்டியில முள்ளு நகரும்.”

“பசை போட்டு ஒட்டுனியாக்கா?”

“பசையெல்லாம் சரிவராது. முதல்ல ஒரு மருந்து போடணும். சில்லு மேல கண்ணுக்குத் தெரியாத கைங்க லட்சக்கணக்குல முளைச்ச மாதிரி ஆயிடும். நொதி வந்தா அந்தக் கைங்க கெட்டியா பிடிச்சுக்கும்.”

அரிசியைவிடச் சின்ன இடத்தில் லட்சம் கைகளா! வஹிதா குனிந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆறு வயதுத் தம்பி காஜா, கண்ணைக் குப்பியோடு ஒட்டிவைத்துப் பார்த்தான்.

“ஒரு கையும் தெரியலையே!”

“தெரியாதுடா. நாளைக்கு இந்த டிரான்சிஸ்டர் நல்லா வேலை செஞ்சா போதும்,” என்ற அக்கா, குப்பியைக் குளிர்ச்சியான தண்ணீர்ப் பானையருகே வைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போனாள்.

சாயங்காலம் வஹிதா வந்தபோது பானையருகே குப்பி இல்லை.

“காஜா! குப்பி எங்கடா?”

“வெயில்ல வெச்சிருக்கேன்,” என்றான் அவன் பெருமையாக. “ரேடியோ கரகரன்னா அத்தா பேட்டரியை எடுத்து வெயில்ல வெப்பாங்கல்ல? அதான் மத்தியானமே தகரக் கூரை மேல வெச்சேன். குச்சியைத் தனியா எடுத்துக் காய வெச்சிருக்கேன்!”

பங்குனி வெயிலில் தகரம் கொதித்துக் கிடந்தது.

அக்கா வந்து, யூரியா கரைத்த தண்ணீரில் குச்சியை விட்டுப் பார்த்தாள். முள் அசையவே இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நொதி வெந்துபோச்சு வஹி. வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகுமா?”

காஜா ஓவென்று அழுதான். “நல்லா பாடட்டும்னுதான் வெச்சேன்!”

வஹிதாவுக்கும் அழுகை முட்டியது. நாளைக்குப் பாஞ்சாலி முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“வேற சில்லு இல்லையாக்கா?”

“ஒண்ணு இருக்கு. அதுல கைங்ககூட ரெடி. பிடிச்சுக்க நொதிதான் இல்ல. அது பெங்களூர்ல இருக்கு.”

வஹிதா சட்டென்று நிமிர்ந்தாள். “நொதி எதுல இருந்து எடுத்தேன்னு சொன்னே?”

“கொள்ளுல.”

“நம்ம அத்தா என்ன யாவாரம் பண்றாங்க?”

அக்கா திரும்பிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தாவின் கொள்ளு மூட்டைகள் அவள் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருந்தன!

காஜா ஓடிப்போய் இரண்டு கையிலும் கொள்ளை அள்ளி வந்தான். பச்சையாகவே இடித்து, பானைத் தண்ணீரில் ஊறவைத்து, சுத்தமான துணியில் வடிகட்டினார்கள். அந்தத் தண்ணீரில் அக்கா புதுச் சில்லை முக்கினாள். குப்பிக்கு ஈரத்துணி சுற்றிப் பானையருகே வைத்தாள். காஜா காவலுக்கு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரே கூட்டம்.

“பாட்டு வைங்கக்கா!” என்றாள் பாஞ்சாலி.

மேசையில் இரண்டு டம்ளர். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் துளி யூரியா கரைத்திருந்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். “எதுல யூரியா இருக்குன்னு நம்ம ஊரு கொள்ளு சொல்லும்,” என்றாள் அக்கா. முதல் டம்ளரில் குச்சியை விட்டார்கள். முள் அசையவில்லை. இரண்டாவதில் விட்டார்கள். அப்போதும் முள் சும்மாதான் இருந்தது.

மெல்ல, மிக மெல்ல, முள் எழுந்தது.

யாரும் பேசவில்லை. பாஞ்சாலி டம்ளரைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி டம்ளரைப் பார்த்தாள்.

“நம்ம ஊரு கொள்ளா கண்டுபிடிச்சுது?” என்று ரகசியம் போலக் கேட்டாள்.

“ஆமா. இந்த டிரான்சிஸ்டர் பாடாது,” என்றான் காஜா. “நாம பேசாம இருந்தா, தண்ணி சொல்றதைக் கேக்கும்.”

வஹிதா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு சோற்றுக்குக் கொள்ளு ரசம். காஜா சாப்பிடவில்லை. கிண்ணத்தருகே வாயை வைத்து, “என் பேரு காஜா,” என்றான்.

“அது வெந்துடுச்சுடா. கேக்காது,” என்றாள் வஹிதா.

“அப்பச் சரி,” என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டான்.