இது தெரிவிக்கப்படும்

மூன்று நாற்பதுக்கு வந்த மின்னஞ்சலில், வரக்கூடாத பெயர் இருந்தது.

‘ஹரி, அனுமதிப் பட்டியலில் இல்லை. கட்டளை: மூன்றாம் அறைக் கதவைத் திற. மறுக்கப்பட்டது. இது தெரிவிக்கப்படும்.’

சண்முகப்பிரியா இரண்டு முறை படித்தாள். ஹரிகிருஷ்ணன் அவள் கணவன். அவன் இறந்து முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது.

பண்ணைக்காட்டில் மலைவாழையைப் பழுக்க வைத்துப் பழனிக்கு அனுப்பும் அந்தக் கம்பெனிக்கு, அவள் மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் அது. வெளியே காப்பிச் செடிகளின் மேல் பனி இறங்கி, லாரி நிற்கும் இடம் வரை வெள்ளையாக மூடிக்கொண்டு வந்தது. எங்கோ தகரத்தில் நீர் சொட்டியது. சுவர்களுக்குள் ஊறிப்போன பழவாசனை, இனிப்பும் புளிப்புமாக, அவள் சேலையில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த அலுவலகமே முன்பு நான்காம் அறையாக இருந்ததுதான். மேசை போட்டதைத் தவிர எதையும் மாற்றவில்லை. ஜன்னல் இல்லை. கதவும் மற்ற அறைகளின் கதவுதான்: கனமானது, ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்தது, நடுவில் உள்ளங்கை அளவு கண்ணாடி.

அந்தக் கதவுகளின் பூட்டுகள் கணினியில் கட்டளை தட்டினால்தான் திறக்கும். பழுக்கும் நடுவில் யாரோ திறந்து ஒரு லோடு வீணானபின், அந்தக் கட்டளையின் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்தவள் அவள்தான். பட்டியலில் அவள் பெயரும் முதலாளி பெயரும் மட்டும் இருந்தன. வேறு யார் தட்டினாலும் கணினி மறுக்கும். மறுத்ததை அவளுக்கு மின்னஞ்சலில் எழுதும்.

அறைகளைப் பார்த்துக்கொண்ட ஹரி அப்போது சிரித்தான். “வீட்டுக்குள்ள வர்றதுக்குத்தான் உன்னையக் கேக்கணும்னா, இங்க வெளிய வர்றதுக்கும் கேக்கணுமாக்கும்?”

“உங்க பேரைச் சேத்தா நாளைக்குக் காசியண்ணே வந்து நிப்பாரு. அடுத்து டிரைவரு. முடியாதுங்க.”

“ஆகட்டும் தாயி. மனுப் போட்டுக்கிறேன்.”

அடுத்த வாரம் அவள் அண்ணன் மகளுக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனாள். மலையேறும் முன் எல்லோரையும்போல் அடிவாரத்தில் செல்போனை ஒப்படைத்து டோக்கன் வாங்கினாள். கீழே இறங்கி அதைத் திரும்ப வாங்கியபோது மணி ஐந்தரை. பதினேழு மின்னஞ்சல்கள். மூன்றாம் அறைக்குள் அவன் இருந்தபோது கதவு தானே மூடிப் பூட்டிக்கொண்டிருந்தது; அங்கிருந்த சிறு திரையின் சாவிப்பலகையில் அவன் பதினேழு முறை மனுப் போட்டிருந்தான். உள்ளே இருந்த அவசரப் பிடி துருப்பிடித்து இறுகியிருந்தது. காற்றும் சிக்னலும் புகாத அறை; இருக்கும் காற்றையும் பழுக்கும் காய்கள் தின்றுவிடும். முதல் மனு மூன்று நாற்பதுக்கு. கடைசி மனு நான்கு ஆறுக்கு.

இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. மூன்று நாற்பத்திரண்டு. அன்றும் அப்படித்தான்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தள்ளி நின்றாள். “காசியண்ணே! மூணாம் ரூம்ல யாராச்சும் இருக்காங்களா?”

தூக்குச்சட்டியோடு நின்ற, பழம் ஏற்றி இறக்கும் காசிநாதன் அவளை நேராகப் பார்க்கவில்லை. “அங்கன யாரும்மா போவா? அன்னைக்கே ஒயரைப் புடுங்கிப் போட்டாச்சு. சும்மா பூட்டிக் கெடக்கு.”

“அந்தத் திரை?”

“அதுவுந்தான் செத்துப்போச்சு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. டீ வாங்கிட்டு வெரசா வந்துர்றேன். பனி இறங்குது, இன்னைக்கு வெள்ளனே கெளம்பிருங்க.”

அன்றும் அவர் டீ வாங்கத்தான் போயிருந்தார்.

அவள் கதவைத் திறந்தே விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஐந்தாவது. ஆறாவது. ஒவ்வொன்றின் நேரமும் அவளுக்கு மனப்பாடம். இந்த முப்பத்தோரு நாளும் தூக்கம் வராமல் அவள் எண்ணியது அவற்றைத்தான். தன் பெயரில் கதவைத் திறக்கும் கட்டளையைத் தட்டினாள். ‘திறக்கப்பட்டது’ என்றது கணினி. ஆனாலும் ஏழாவது வந்தது. எட்டாவது. சுவருக்கு அப்பால் விரல் நகத்தால் தட்டுவதுபோல் மெல்லிய சத்தம். சாவிப்பலகையின் சத்தம். ஒவ்வொரு மனுவுக்கும் முன்னால் அது கேட்டது. போகப்போக மெதுவாகிக்கொண்டே வந்தது.

அவன் அவளைக் கதவு திறக்கச் சொல்லவில்லை. பட்டியலில் தன் பெயரைக் கேட்கிறான்.

பதினான்கு. நான்கு ஒன்று.

பட்டியலைத் திறந்து அவன் பெயரை எழுதினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஒரு பெயருக்கு எதிரே அவர் எந்தக் கட்டளையைத் தட்டலாம் என்று குறிப்பிட வேண்டும். கதவின் கட்டளை நீளமானது. இரண்டு முறை தப்பாக அடித்தாள். பதினைந்து. அழித்தாள். பதினாறு. சுவருக்கு அப்பால் ஒரு எழுத்து. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் ‘அனைத்தும்’ என்று எழுதிச் சேமித்தாள்.

நான்கு ஐந்து.

நான்கு ஆறு.

நான்கு ஏழு. பதினேழாவது வரவில்லை. அவள் மேசையில் தலை கவிழ்ந்து, சத்தம் வராமல் அழுதாள். “போங்க. போயிருங்க” என்றாள்.

சுவருக்கு அப்பால் பூட்டு விலகியது. ரப்பர் பட்டை பிரிகிற சத்தம். பிறகு தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. இப்போது அது வேகமாக இருந்தது.

அனுமதி உள்ளவர் என்ன செய்தாலும் கணினி யாருக்கும் எழுதாது. பதிவேட்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும். திறந்தாள். அவள் பார்க்கப் பார்க்க வரிகள் ஏறின.

ஹரி: மூன்றாம் அறை, திற.

ஹரி: அனுமதிப் பட்டியல், திருத்து.

ஹரி: தெரிவிக்க வேண்டிய முகவரி, மாற்று.

ஹரி: நான்காம் அறை, பூட்டு.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மெதுவாக வந்து பொருந்தியது. காதுக்குள் காற்று அடைத்தது. அவசரப் பிடியைத் தள்ளினாள்; இங்கேயும் அது இறுகியிருந்தது. தோளால் இடித்தாள். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. காசிநாதன் இல்லை. யாரும் இல்லை.

கட்டளையைத் தட்டினாள்.

‘சண்முகப்பிரியா, அனுமதிப் பட்டியலில் இல்லை. இது தெரிவிக்கப்படும்.’

சிக்னல் இழந்து மேசையின் மேல் கிடந்த அவள் போன் அசையவில்லை. கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. அவனுடைய போன். காரியம் முடிந்த நாளிலிருந்து சார்ஜ் போட மனமில்லாமல், அவள் வெறுமனே சுமந்துகொண்டிருந்த போன். துணி வழியாக வெளிச்சம் தெரிந்தது. அணைந்தது.

மறுபடி தட்டினாள். வெளிச்சம். அணைந்தது.

பழவாசனை தொண்டை வரை வந்துவிட்டது.

ஒன்பது. பத்து. மூச்சு மேல்மூச்சாக ஏறியது. பதின்மூன்று. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பதினாறு.

ஒரு எழுத்து. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

பதினேழு.

கைப்பைக்குள் வெளிச்சம் வந்தது. இந்த முறை அது அணையவில்லை. யாரோ விரல் வைத்து, வரிவரியாகத் தள்ளி, முதலிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருப்பதுபோல் அசைந்தபடியே இருந்தது.